பல்லை எதைக்கொண்டு அடைப்பது?

நம் சங்கத்தின் கூட்டங்களில் உடல்நலம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், பல் அடைக்க வெள்ளி நல்லதா, வெள்ளை நல்லதா?" என்பதே அது. கேட்பவர் ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவராக இருக்கலாம். நெடுங்கண்டத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். பாலக்காட்டுப் பக்கம் குடியேறிய ஆசிரியராகவும் இருக்கலாம். கேள்வி மட்டும் ஒன்றேதான். ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி என்பதால் அதைப் பாடமாகவே எழுதலாம் என்று எண்ணினேன்.

பதிலின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். எல்லாப் பற்களுக்கும் எல்லா மனிதருக்கும் சிறந்தது என்று ஓர் அடைப்புப் பொருள் கிடையாது. எந்தப் பல், குழி எவ்வளவு பெரியது, அந்த இடத்தை உலர்வாக வைத்திருக்க முடியுமா, நோயாளி மறுபடியும் வர முடியுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறமும் விலையும் அதற்குப் பிறகுதான்.

சொத்தை என்பது என்ன?

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று நாம் பேச்சு வழக்கில் கூறுகிறோம். கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பூச்சி வெளியே விழும் என்று நம்பியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். உண்மையில் பூச்சி எதுவும் இல்லை. வாயில் இயல்பாகவே வாழும் நுண்கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பகுதியான எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு அடியில் டென்டின் என்ற மென்மையான அடுக்கு உள்ளது. சொத்தை அதை எட்டிவிட்டால் வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே அகலமாகக் குடைந்திருக்கும். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் இருக்கிறது.

இந்த மூன்று அடுக்குகளை நினைவில் வைத்துக்கொண்டால் வலியின் மொழியும் புரியும். இனிப்போ குளிர்ந்த நீரோ பட்டதும் சுருக்கென்று கூசி உடனே அடங்கினால் சொத்தை பெரும்பாலும் டென்டின் அளவில் நிற்கிறது, அடைத்தால் போதும். இரவில் படுத்ததும் தானாக வலி தொடங்கித் துடிதுடித்து நெடுநேரம் நீடித்தால் பற்கூழ் கெட்டுவிட்டது. இந்த நிலையில் தங்கத்தாலேயே அடைத்தாலும் பயன் இல்லை. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையேல் பல்லை எடுக்க வேண்டும். ஒரு வாரம் வலித்த பல் தானாகவே வலிக்காமல் போய்விட்டால் குணமாகிவிட்டது என்று மகிழாதீர்கள். பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது என்றே அதற்குப் பொருள். பின்னர் ஒரு நாள் கன்னம் வீங்கும்.

இனி அடைப்புப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தற்காலிக அடைப்பு

இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. நம் பகுதியில் நான் பார்த்தவரை, தேர்ந்தெடுத்த பொருள் தவறாகிப் போன பற்களைவிட, தற்காலிக அடைப்பையே நிரந்தரம் என்று எண்ணிவிட்டதால் போன பற்கள்தாம் அதிகம்.

இந்த வகையில் மிகப் பழையது துத்தநாக ஆக்சைடு தூளையும் யூஜினால் என்ற எண்ணெயையும் குழைத்துச் செய்வது. யூஜினால் என்பது வேறொன்றும் இல்லை. நம் மலையில் விளையும் கிராம்பின் எண்ணெயில் உள்ள முக்கியப் பொருள்தான். பல் வலிக்குக் கிராம்பு கடிக்கச் சொன்ன பாட்டிக்கும், பல் வைத்தியசாலையில் வரும் அந்த வாசனைக்கும் உறவு அதுவே. இது நரம்பை அமைதிப்படுத்தும், வலி குறையும். ஆனால் மெல்லும் அழுத்தத்தைத் தாங்காது. சில வாரங்கள், போனால் சில மாதங்கள் வரை நிற்கும்.

வலி நின்றதும் நம்மவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். காய் எடுப்புக் காலமாக இருந்தால் மறு வருகை தள்ளிக்கொண்டே போகிறது. தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள் என்னிடம் வந்தபோது, வேறோர் இடத்தில் வேர் சிகிச்சை தொடங்கித் தற்காலிக அடைப்பு வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "அடைத்தாகிவிட்டதே, பிறகு ஏன் டாக்டர் உடைந்தது?" என்று அவர் கேட்டார். அடைப்பு கரைந்து, பல் ஈறு மட்டத்துக்குக் கீழே பிளந்திருந்தது. அந்தப் பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அது தற்காலிக அடைப்பு என்பதை அவருக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே அடைப்பு வைத்த உடனே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது தற்காலிகமா, நிரந்தரமா?" மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான், 'தால்காலிகம்' என்று கூறினால் புரிந்துகொள்வார்கள்.

2. வெள்ளி அடைப்பு

அமால்கம் என்பது இதன் பெயர். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தோடு கலந்து செய்வது. எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். பழைய சீன நூல் ஒன்று கி.பி. 659-லேயே இத்தகைய வெள்ளிக் கலவையைக் குறிப்பிடுகிறது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி.வி. பிளாக் 1890-களில் அதன் கலவை விகிதத்தை ஆராய்ந்து செம்மைப்படுத்தினார்.

நன்மைகள்: மெல்லும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். அடைக்கும்போது சிறிது எச்சில் பட்டாலும் மற்றப் பொருள்களைப்போல் உடனே கெட்டுவிடாது. விலை குறைவு. நன்றாக வைத்த அடைப்பு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும்.

குறைகள்: கருஞ்சாம்பல் நிறம். பல்லோடு ஒட்டாது, குழிக்குள் பூட்டுப்போல் சிக்கித்தான் நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் செதுக்க வேண்டியிருக்கிறது. முழுமையாக இறுகுவதற்கு 24 மணி நேரம் ஆகும் என்பதால் அன்று அந்தப் பக்கம் கடினமானதை மெல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதரசம் பற்றிய கேள்வி இருக்கிறது. அதைத் தனியாகப் பின்னர் பார்ப்போம்.

3. கண்ணாடி அயனோமர் சிமெண்ட்

ஜி.ஐ.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதைத்தான் நம்மவர்கள் 'சிமெண்ட்' என்கிறார்கள். இலண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இருவர் 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார்கள். ஒரு வகைக் கண்ணாடித் தூளையும் ஓர் அமிலக் கரைசலையும் குழைத்தால் சில நிமிடங்களில் தானாகவே இறுகும்.

இதன் சிறப்புகள் இரண்டு. ஒன்று, பல்லோடு வேதியியல் முறையில் தானாகவே ஒட்டுகிறது. ஆகவே நல்ல பல்லை அதிகம் செதுக்க வேண்டாம். இரண்டு, ஃபுளூரைடைச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. வெற்றிலை பாக்கு மெல்லுபவர்களுக்கும் பல்லை அழுத்தி விலக்குபவர்களுக்கும் ஈற்றோரம் தேய்ந்து கூசுமே, அந்த இடத்துக்கு இது பொருத்தம். பால் பற்களுக்கும் முதியோரின் வேர்ப்பகுதிச் சொத்தைக்கும் ஏற்றது.

குறை என்னவென்றால் வலிமை போதாது. கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் பெரிய குழியாக இருந்தால் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும், அல்லது உடையும். வைத்த சிறிது நேரத்துக்குள் எச்சில் பட்டால் மேற்பரப்பு கெடும். மிகவும் காய்ந்தாலும் வெடிக்கும். அதனால்தான் மருத்துவர் மேலே ஒரு வார்னிஷோ வாசலினோ பூசுகிறார். குறைந்தது ஒரு மணி நேரமாவது எதையும் மெல்லாமல் இருக்க வேண்டும்.

மின்சாரமும் பெரிய இயந்திரங்களும் இல்லாத ஊர்களுக்கு இந்தச் சிமெண்ட் ஒரு வரம். 1980-களில் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில், கைக் கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டும் பொருளால் அடைக்கும் முறை ஒன்று உருவாயிற்று. பின்னர் அதற்கு இந்தச் சிமெண்டே முக்கியப் பொருளாயிற்று. வாய்நலத்தைப் பொருளாகக் கொண்ட 1994-ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்தை ஒட்டி உலக சுகாதார நிறுவனம் அம்முறையை உலகுக்கு எடுத்துச் சொன்னது. 2021-இல் அதே நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஜி.ஐ.சி. இடம் பெற்றது. பள்ளி முகாமில் பிள்ளைக்குச் சிமெண்ட் வைத்தார்கள் என்றால் மட்டமான பொருளைக் கொண்டு அடைத்துவிட்டார்கள் என்று குறை கூற வேண்டாம்.

4. காம்போசிட்

'வெள்ளை அடைப்பு', 'பல் கலர் அடைப்பு', 'லைட் அடைப்பு' என்றெல்லாம் அழைக்கப்படுவது இதுதான். ஒரு வகைப் பிசினில் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலந்து செய்வது. அமெரிக்காவில் மைக்கேல் புவனகோர் என்பவர் 1955-இல் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாக ஒட்டும் என்று கண்டார். ரஃபேல் போவன் என்பவர் 1962-இல் இதற்கேற்ற பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய காம்போசிட்டுக்கு இவ்விருவர் வேலையே அடிப்படை.

அடைக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். சொத்தையை நீக்கி, அமிலம் தடவிக் கழுவி, உலர்த்தி, ஒட்டுப்பசை பூசி, காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டர் அளவான அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்குகிறோம். இவ்வளவும் முடியும்வரை அந்த இடத்தில் ஒரு துளி எச்சிலும் இரத்தமும் படக் கூடாது. பட்டால் ஒட்டு பிடிக்காது. இறுகும்போது காம்போசிட் சிறிது சுருங்கும் என்பதால், அவசரமாக மொத்தமாக அடைத்தால் ஓரத்தில் மெல்லிய இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளியில் மறுபடி சொத்தை தொடங்கும்.

நன்மைகள்: பல்லின் நிறம். நல்ல பல்லைக் குறைவாகவே செதுக்கினால் போதும். நாற்காலியை விட்டு எழும்போதே இறுகியிருக்கும். மரத்துப்போனது தெளிந்ததும் சாப்பிடலாம். உடைந்த முன்பல்லைச் சீர்செய்ய இதைப்போல் வேறில்லை.

குறைகள்: நேரமும் செலவும் கூடுதல். வெற்றிலை, புகையிலை, கட்டன் சாயா மூன்றாலும் ஓரங்களில் கறை ஏறும். கடைவாய்ப் பற்களில் வெள்ளியையும் காம்போசிட்டையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்து 2021-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, காம்போசிட் தோல்வியடையும் வாய்ப்பு வெள்ளியைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது, மறுசொத்தையும் அதிகம். அந்தச் சோதனைகளில் பெரும்பகுதி பிள்ளைகளிடம் செய்யப்பட்டவை என்பதையும், பழைய காம்போசிட் வகைகள் அதில் உள்ளன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கவனமாகச் செய்தால் காம்போசிட்டும் நெடுநாள் உழைக்கும். கவனமாகச் செய்வதற்கு நேரம் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டியது.

பாலக்காட்டு அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. மாவட்டத்தின் கிழக்கே சித்தூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் உள்ள இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் தருமபுரி, சேலம் பகுதிகளிலும் அப்படியே. பல் முளைக்கும் வயதில் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் காணப்படும். இது சொத்தை அன்று. கறை இருக்கிறது என்பதற்காக அடைக்க வேண்டியதில்லை. குழி விழுந்திருந்தால் மட்டும் காம்போசிட் வைக்கலாம். அத்தகைய எனாமலில் ஒட்டு சற்றுக் கடினம் என்பதால், எந்த ஊர் நீரைக் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்.

5. வார்ப்பு அடைப்பும் கேப்பும்

பல்லின் சுவரே உடைந்துபோன பெரிய குழிகளுக்கு, அளவெடுத்து வெளியே தங்கத்திலோ பீங்கானிலோ செய்து ஒட்டும் அடைப்புகள் உண்டு. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் முழுக் கேப்தான் போட வேண்டும். நிறைய உட்பகுதியை இழந்த அந்தப் பல் எளிதில் பிளந்துவிடும். "வலிதான் போய்விட்டதே, கேப் எதற்கு?" என்று விட்டுவிட்டால், வேர் சிகிச்சைக்குச் செலவழித்த பணமும் நாட்களும் பல்லோடு சேர்ந்து போய்விடும்.

பாதரசத்தைப் பற்றி

பாதரசம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பகுதியில் அச்சம் எழுவது இயல்பு. பக்கத்து மலையான கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவுகளால் எழுந்த எதிர்ப்பும், 2001-இல் அது மூடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஜப்பானின் மினமாட்டா நகரில் ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மக்களைத் தாக்கிய நோய் 1956-இல் வெளிப்பட்டது. அந்த நகரின் பெயரால் அமைந்த மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதில் முழுமையாக இணைந்தது.

பல்லில் இறுகிவிட்ட அமால்கத்திலிருந்து மிகச் சிறிய அளவே பாதரச ஆவி வெளிவருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தீங்கு செய்கிறது என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் அதைச் செய்யும்போதும் எடுக்கும்போதும் கழிவு நீரில் கலந்து சுற்றுப்புறத்தைக் கெடுக்கும் என்பதால் உலகம் அதைக் குறைத்து வருகிறது. பால் பற்களுக்கும், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், மருத்துவர் அவசியம் என்று கருதினால் அன்றி, அதை வைக்கலாகாது என்று 2022-இல் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து பொதுவாக அதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் 2034-க்குள் பல் அமால்கத்தை விட்டுவிட ஒப்புக்கொண்டன.

அப்படியானால் ஏற்கெனவே வாயில் உள்ள வெள்ளி அடைப்பைத் தோண்டி எடுக்க வேண்டுமா? வேண்டாம். நன்றாக இருக்கும் அடைப்பை எடுத்தால்தான் ஆவி அதிகம் வெளிவரும். அதோடு நல்ல பல்லும் கொஞ்சம் போகும். உடைந்தாலோ, ஓரத்தில் சொத்தை பிடித்தாலோ அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு குடும்பம், நான்கு பற்கள்

படித்ததைப் பயன்படுத்திப் பார்ப்போம். கம்பத்திலிருந்து வந்து கம்பம்மெட்டுக்கு அப்பால் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் நடுத்தரக் குழி. மெல்லும் பரப்பு, உலர்வாக வைக்க முடிகிறது, ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். காம்போசிட் வைக்கலாம். குழி ஈற்றுக்குக் கீழே போய் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் காம்போசிட் ஒட்டாது. அப்போது வேறு பொருளோ, கேப்போ பேச வேண்டும்.

அம்மா ஆறு மாதக் கர்ப்பிணி, பல் கூசுகிறது. பிரசவம் ஆகட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்கள் பல் வைத்தியத்துக்கு வசதியான காலம். வெள்ளி வேண்டாம்; சிமெண்ட் அல்லது காம்போசிட்.

பாட்டிக்கு ஈறு இறங்கி வேர் தெரிகிறது, வேரில் சொத்தை. வாயும் அடிக்கடி உலர்கிறது. ஜி.ஐ.சி. நல்ல தேர்வு.

ஏழு வயது மகனுக்குக் கடைசியில் உள்ள பல்லில் சொத்தை. "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்கிறார்கள் வீட்டில். இந்த இடத்தில்தான் பெற்றோர் அனைவரும் கவனிக்க வேண்டும். ஆறு வயதை ஒட்டிப் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, மேலும் கீழும் இருபுறமும் நான்கு புதிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எதுவும் விழாமல் முளைத்ததால் அவற்றையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறோம். அவை ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பற்கள். போனால் மறுபடி வராது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை 'எடுத்துவிடுங்கள்' என்று அழைத்து வருகிறார்களே, அவர்களிடம் நான் அதிகமாகக் காணும் பல் இந்த ஆறு வயதுப் பல்தான். அதன் ஆழமான பள்ளங்களைச் சொத்தை வருமுன்னரே மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். சொத்தை வந்திருந்தால் சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிட வேண்டும்.

உண்மையான பால் கடைவாய்ப் பல்லாக இருந்தாலும் அலட்சியம் கூடாது. அவை பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்து, பின்வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. சொத்தை பெரிதாக இருந்தால் அடைப்பைவிட எஃகுக் கேப் நன்றாக உழைக்கும்.

எல்லைக்கு இருபுறமும் செல்லும் ஒரு நோட்டு

நம் வாழ்க்கை இரண்டு மாநிலங்களில் நடக்கிறது. திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது கம்பத்திலோ தேனியிலோ தொடங்கிய வைத்தியம், கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ முடிய வேண்டியிருக்கிறது. முன்னவர் செய்தது என்ன என்று பின்னவருக்குத் தெரியாது. இதற்கு எளிய வழி, குடும்பத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு முறையும் தேதி, பல்லின் எண், வைத்த பொருள், தற்காலிகமா நிரந்தரமா, மறுபடி வர வேண்டிய நாள் ஆகிய ஐந்தையும் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படத்தையும் அதிலேயே ஒட்டி வையுங்கள்.

பல்லின் எண்ணுக்கு மொழி கிடையாது. மருத்துவர்களிடையே உலகெங்கும் பரவியுள்ள முறையில் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்கங்கள். முதல் இலக்கம் வாயின் பகுதியைக் குறிக்கும்: உங்கள் வலது மேல்பகுதி 1, இடது மேல்பகுதி 2, இடது கீழ்ப்பகுதி 3, வலது கீழ்ப்பகுதி 4. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. எனவே சீட்டில் 46 என்று இருந்தால் வலது கீழ்ப்பகுதியில் ஆறாவது பல். மேலே கூறிய ஆறு வயதுப் பற்கள் நான்கும் 16, 26, 36, 46. பால் பற்களுக்கு முதல் இலக்கம் 5 முதல் 8 வரை. பிள்ளையின் சீட்டில் 36 என்று இருந்தால் அது பால் பல் அன்று என்பதை இனி நீங்களே கூறிவிடலாம்.

மலையாளத்தில் சொத்தையைக் 'கேடு' என்பார்கள், வலி 'வேதன', அடைப்பது 'அடய்க்குக', பிடுங்குவது 'எடுக்குக' அல்லது 'பறிக்குக'. "பல்லு எடுக்காதெ அடய்க்கான் பற்றுமோ?" என்று கேட்டால், பிடுங்காமல் அடைக்க முடியுமா என்று பொருள். இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

செலவைக் கணக்கிடும் முறை

அடைப்பின் விலையை மட்டும் கேட்டுவிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுக்கிறோம். கூலி வேலை செய்பவருக்கு வைத்தியசாலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நஷ்டம். ஜீப்புக் காசு வேறு. ஆகவே "எத்தனை முறை வர வேண்டும்?" என்ற கேள்வியை விலைக்கு முன்னால் கேளுங்கள். சிறு குழி பெரும்பாலும் ஒரே வருகையில் முடியும். அதையே விட்டுவைத்து நரம்பை எட்டினால் பல வருகைகள், எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, கேப் என்று நீளும். அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சமாகும். சங்க உறுப்பினர்கள் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் சேர்த்து அழைத்துச் செல்லலாம்; நான்கு தாய்மார்களின் கூலி போவதற்குப் பதில் ஒருவர் கூலி மட்டுமே போகும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கூசும்போதே அடைத்துவிடுங்கள்; இரவில் துடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

2. தற்காலிக அடைப்பு வைத்தால் மறு வருகைத் தேதியை வாங்காமல் நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.

3. முன்பல்லுக்கும், உலர்வாக வைக்க முடிந்த கடைவாய்ப் பல்லுக்கும் காம்போசிட். ஈற்றோரத்துக்கும் வேருக்கும் பால் பல்லுக்கும் ஜி.ஐ.சி. சுவர் உடைந்த பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கும் கேப்.

4. நன்றாக உள்ள பழைய வெள்ளி அடைப்பைத் தொட வேண்டாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் புதிதாக வைக்க வேண்டாம்.

5. அடைத்த பிறகு கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் மறுநாளே போய்க் கூறுங்கள். சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம்.

6. எந்த அடைப்பும் பல்லைச் சுற்றியுள்ள பகுதியைக் காக்காது. ஃபுளூரைடு கலந்த பற்பசையால் காலையிலும் இரவு படுக்கும் முன்னும் பல் துலக்குவது அடைத்த பல்லுக்கும் வேண்டும்.

இந்த இதழ் வீட்டுக்கு வந்ததும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் ஆறு முதல் பத்து வயதுக்குள் பிள்ளை இருந்தால், வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்வரிசையில் நடுவிலிருந்து ஆறாவது பல்லை இருபுறமும் எண்ணிப் பாருங்கள். அங்கே கரும்புள்ளியோ குழியோ தெரிந்தால் அடுத்த விடுமுறை நாளுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள்.